சீல் குத்திய மொட்டைப் பெட்டிசம்

ரவூப் நானா மாடிப்படி ஏறி வருவது அபூர்வம். கீழே அவருடைய புடவைக்கடை, மேலே என்னுடைய மொழிபெயர்ப்பு அறை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் துணி அளக்கும் கோலால் படிக்கட்டுக் கைப்பிடியில் இரண்டு தட்டுத் தட்டி, கீழிருந்தே “தங்கச்சி!” என்று கூப்பிடுவார். அன்று மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் நீளமான பழுப்பு நிற உறை இருந்தது.

தீபாவளிக்கு முந்திய வாரங்கள் அவை. பகல் பதினொரு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு கண்டி மழைக்குத் தயாராக இருந்தது. நான் வழக்கம்போல டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இதக் கொஞ்சம் பாருங்க தங்கச்சி. கந்தோர்ல ஈந்து வந்தீக்கி. எனக்கு சிங்களம் பேச ஏலும், இந்த மாதிரி எழுத்த வாசிக்க ஏலா. தமிழ்ல எழுதி, சீல் குத்தித் தாங்க. எங்கட பெரிய நானா வாயால சொன்னா நம்பமாட்டாரு.” தன் மூத்த அண்ணனைத்தான் அப்படிச் சொன்னார்.

உறைக்குள் இரண்டு தாள்கள். முதலாவது, நானா சொன்ன கந்தோரின், அதாவது நகரசபை அலுவலகத்தின் அறிவித்தல். கடைக்கு மேலே மாட்டியிருக்கும் விளம்பரப் பலகையைப் பதினான்கு நாட்களுக்குள் கழற்ற வேண்டும் என்றிருந்தது. இரண்டாவது, அந்தப் பலகைக்கு எதிராக யாரோ பெயர் போடாமல் அனுப்பிய பெட்டிசத்தின் பிரதி.

இரண்டாவது தாளை நான் வாசிக்கவில்லை. வாசிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அதை எழுதியவளே நான்தான்.

ஒரு மணப்பெண்ணின் கொண்டை

போன வாரம் இந்தப் பத்தியில் பிறப்புச் சான்றிதழ்களோடு நான் பட்ட பாட்டை எழுதியதைப் படித்துவிட்டு, “உங்கள் அலுவலகம் எங்கே இருக்கிறது?” என்று சிலர் கேட்டிருந்தார்கள். கண்டியில் வாவிக்குப் பக்கத்துப் பழைய தெருக்களில் ஒன்றில். வளைவு வைத்த ஜன்னல்கள் உள்ள பழைய கட்டடம். அலவத்துகொடையைச் சேர்ந்த ரவூப் நானா முழுக் கட்டடத்தையும் குத்தகைக்கு எடுத்திருந்தார். மேல்மாடியின் முன்னறையை எனக்குக் கொடுத்திருந்தார். கடுகண்ணாவையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் எனக்கு அந்த அறை கிடைத்ததே பெரிய காரியம். தனியாக வந்து கேட்ட பெண்ணுக்கு வேறு யாரும் அறை தரத் தயாராக இல்லை.

நானாவின் கடைப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். மூவரின் பெயர்களிலிருந்தும் ஓர் எழுத்து எடுத்து ‘ரிமிஸா’ என்று வைத்திருந்தார். எங்கள் பக்கத்துக் கடைகளில் பாதிக்குப் பெயர் வந்த வழி இதுதான். பிறகு நாலாவது மகள் பிறந்தாள். அவளை விட்டுவிட முடியுமா? கடை ‘ரிமிஸானா’ ஆனது. பெயர் நீண்டதும் பலகையும் நீண்டது. நீண்டது போதாதென்று உயர்ந்தது. பின்னால் விளக்கு வைத்த பெரிய பிளாஸ்டிக் பலகை, ஒரு மூலையில் நகைகளோடு மணப்பெண்ணின் முகம்.

அந்த மணப்பெண்ணின் கொண்டை என் ஜன்னலின் பெரும்பகுதியை மறைத்துவிட்டது. தெருவில் போகிறவர்களுக்கு அவளுடைய சிரிப்பு. எனக்கு அவளுடைய முதுகுத் தகரமும் மூன்று வயர்களும் அதில் கூடுகட்டிய ஒரு குருவியும்.

வெளிச்சம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என்னைத் தேடி வருகிறவர்களுக்கு மாடியில் இப்படி ஓர் ஆள் இருப்பதே தெரியாமல் போய்விட்டது.

லொறியில் ஏறிப் போன பலகை

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, கையில் ஒரு பொலித்தீன் பையோடு விசாரித்து விசாரித்து வருவார்கள். பைக்குள் சிங்களத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழ் இருக்கும். அடையாள அட்டைக்கோ, பிள்ளையின் பாடசாலைக்கோ, வெளிநாட்டுப் பயணத்துக்கோ அது இன்னொரு மொழியில் வேண்டும். படிக்கட்டு வாசல் தெரியாவிட்டால் அவர்கள் தெருவில் நிற்கும் தரகர்களிடம் மாட்டிக்கொள்வார்கள்.

அதற்காக நடைபாதையில் ஒரு சிறு பலகையை நிறுத்தி வைத்திருந்தேன். கால் வைத்த பலகை, அம்புக்குறியோடு. ஒரு மழை நாள் காலையில் வந்து பார்த்தால் பலகை நகரசபை லொறியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நடைபாதையில் எந்தப் பலகையும் வைக்கக் கூடாதாம். லொறிக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார். என் கோபத்தைத்தான் மரியாதை என்று சொல்ல முடியாது.

அன்றே நகரசபைக் கந்தோருக்குப் போய், சுவரில் மாட்ட அனுமதி கேட்டேன். பலகைகளுக்குப் பொறுப்பான பரிசோதகர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். பழைய தெருக்களுக்குத் தனி விதி. பலகை சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். உள்விளக்கு கூடாது. ஜன்னல் வளைவை மறைக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கட்டடத்தின் ஒரு முகப்புக்கு மொத்தமாக இத்தனை சதுர அடிதான். அதற்குள் எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்வது என்பது கட்டடத்தில் இருப்பவர்களின் பாடு.

“உங்கள் முகப்பில் இடமே இல்லையே, மிஸ். கீழ்க்கடை முழுவதையும் எடுத்து, அதற்கு மேலும் எடுத்திருக்கிறது போலிருக்கிறதே” என்றார் சிங்களத்தில்.

அந்த நேரத்தில் எனக்கு விதியின் மீது கோபமில்லை. மணப்பெண்ணின் மீதுதான் வந்தது.

பெட்டிசம் எழுதிப் பழகிய கை

நேரே கீழே போய், “நானா, உங்கட போர்டால எனக்குக் கஷ்டமா இருக்கு” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இன்று யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் நான் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்து அழகு என்று பெயரெடுத்ததால், பத்து வயதிலிருந்தே லயத்து ஆட்களுக்குப் பெட்டிசம் எழுதிக் கொடுத்தேன். கூரை ஒழுகினால் பெட்டிசம். தண்ணீர்க் குழாய் உடைந்தால் பெட்டிசம். தோட்டத்தை நடத்தும் துரையிடம் வாயால் கேட்டவருக்கு ஏச்சு கிடைக்கும். எழுதிப் போட்டவருக்குத் தகரமாவது கிடைக்கும். அதுவும் பெயர் போடாமல் எழுதுவதுதான் பாதுகாப்பு. இந்தப் பாடத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகப் பழகிக்கொண்டது.

பெட்டிசத்துக்கு ஒரு மாறாத அமைப்பு உண்டு. முதலில் வணக்கம், பிறகு குறை, அதன் பிறகு ஒரு வாக்கியம் கட்டாயம் வர வேண்டும்: ‘இது குறித்துப் பலமுறை எடுத்துச் சொல்லியும் குறித்த நபர் செவிசாய்க்கவில்லை.’ சொன்னோமா இல்லையா என்பது வேறு விஷயம். அந்த வாக்கியம் இல்லாத பெட்டிசம் உப்பில்லாத குழம்பு. அதைப் போடாவிட்டால் எழுதிய திருப்தியே வராது.

ஆக, எனக்கு அறை தந்த நானாவுக்கே எதிராக நான் பெட்டிசம் எழுதினேன். தமிழில் எழுதினால் சந்தேகம் என் மேல் வரும் என்று, படித்த மூளையைப் பயன்படுத்திச் சிங்களத்தில் எழுதினேன். பெயர் போடவில்லை. அந்த உப்பு வாக்கியத்தை மறக்காமல் போட்டேன்.

பரிசோதகர் அளவுநாடாவோடு வந்து அளந்துவிட்டுப் போனார். நான் மாடியில் மூச்சுக் காட்டாமல் இருந்தேன். பெட்டிசத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்புவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு நானா என்னிடமே வருவார் என்று எந்த மூளைக்குத்தான் தோன்றும்?

வாசித்துக் காட்டுங்க

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தேன். நானா எதிர்க் கதிரையில் உட்கார்ந்து கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். புதுத் துணியின் கஞ்சி வாசம் அவரோடு எப்போதும் வரும்.

“எழுதுறது பொறகு. மொதல்ல வாசிச்சிக் காட்டுங்க.”

முதல் தாளை வாசித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். தீபாவளி யாவாரம் நெருங்கும்போது பலகையைக் கழற்றுவதா என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் கோபப்படவில்லை. “போர்ட் போட்டவன் ஏலும்னு சொன்னான். நானும் கேக்கல்ல. செரி, என்ட பெழதான்” என்றார்.

இரண்டாவது தாள். இங்கே எனக்கு ஒரு வழி இருந்தது. அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு வாசிக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அடியில் நான் சீல் குத்த வேண்டும். ‘மூலத்துக்கு மாறுபாடற்ற சரியான மொழிபெயர்ப்பு’ என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். பொய்ப் பெட்டிசம் எழுதத் தெரிந்தவளுக்குப் பொய் மொழிபெயர்ப்புச் செய்யத் தெரியவில்லை. மனிதப் பிறவியின் நேர்மை எங்கெங்கே ஒளிந்திருக்கிறது பாருங்கள்.

வாசித்தேன். “இது குறித்துப் பலமுறை எடுத்துச் சொல்லியும் கடைக்காரர் செவிசாய்க்கவில்லை.”

மறுபடி நெற்றியைத் துடைக்கப் போன நானாவின் கை அங்கேயே நின்றது.

“யாரு எனக்கிட்ட சொன்ன?” என்றார் மெதுவாக. “ஒருத்தரும் சொல்லல்லயே தங்கச்சி. ஒருத்தராச்சும் ஒரு தடவ சொல்லீந்தா நான் கேக்காம ஈப்பேனா? பக்கத்துக் கடக்காரரோ, எதிர்க் கடக்காரரோ... யாரோட மொகத்த நான் இனிப் பாக்குற?”

பலகை போவதைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு வருந்தவில்லை. யாரோ சொல்லி, தான் கேட்காமல் இருந்ததாக ஊர் நினைக்குமே என்பதுதான் அவருக்கு வலித்தது. அந்தத் தெருவில் இருக்கும் ஒவ்வொருவரையும் அவர் மனதுக்குள் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

“நான்தான் நானா எழுதினேன்” என்றேன். “நீங்க யாரையும் நெனைக்காதீங்க. நான்தான். உங்ககிட்ட சொன்னேன்னு எழுதினது பொய்.”

மழை தொடங்கியது. மணப்பெண்ணின் தகர முதுகில் அது அடித்த சத்தம் அறை முழுவதும் கேட்டது. நானா இரண்டு தாள்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வாயால ஒரு சொல்லு சொல்லீக்கலாமே, தங்கச்சி.”

அவ்வளவுதான். தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

தட்டுக் கேட்காத காலை

அன்று சாயங்காலமே மொழிபெயர்ப்பை அச்சடித்து, கையெழுத்திட்டு, சீல் குத்தினேன். என் மொட்டைப் பெட்டிசத்துக்கு என் பெயர் அப்படித்தான் வந்து சேர்ந்தது. நானா தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கடையின் துணி வெட்டும் மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். முகத்தைப் பார்த்துக் கொடுக்கத் தைரியம் வரவில்லை.

தினமும் பத்து மணிக்குக் கைப்பிடியில் இரண்டு தட்டுக் கேட்கும். “தங்கச்சி, தேத்தண்ணி!” நான் நாலு படி இறங்கி வாங்கிக்கொள்வேன். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ, பக்கத்தில் ஒரு துண்டு சக்கரை. மறுநாள் தட்டுக் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் கேட்கவில்லை.

நான் கோப்புகளைக் கட்டத் தொடங்கினேன். இந்த அறை போனால் கண்டிக்குள் இன்னோர் அறை கிடைக்காது என்று தெரியும். தொழிலை மூட்டை கட்டிக்கொண்டு கடுகண்ணாவையில் வீட்டுக்குள் உட்கார வேண்டியதுதான். பொலித்தீன் பைகளோடு வருகிறவர்கள் அங்கே எப்படி வருவார்கள்? அழுகை வந்தது. அழவும் எனக்கு உரிமையில்லை என்று கோபமும் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே ஏணி சாத்தும் சத்தம். இரண்டு பேர் ஸ்க்ரூக்களைக் கழற்றினார்கள். மணப்பெண் மெல்லச் சரிந்து, தலைகீழாகி, கீழே போனாள். (குருவிக் கூட்டை ஒருவர் பத்திரமாக எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தார்.) அறைக்குள் பகல் வெளிச்சம் வந்தது. ஆறு மாதமாகப் பார்க்காத எதிர் மலை தெரிந்தது. எனக்கு வேண்டுமென்று கேட்ட வெளிச்சம்தான். அது நான் கட்டிவைத்த பெட்டிகளின் மீது விழுந்தபோது வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் நானா படியேறி வந்தார். கையில் ஒரு விண்ணப்பப் படிவம்.

“பெட்டியெல்லாம் என்னத்துக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் படிவத்தை நீட்டினார். “புதுப் போர்டுக்கு அப்ளிகேஷன். சிங்களத்துல நிரப்புங்க. ஒங்கட போர்டுக்கு எத்தன அடி போடுற?”

“ஒரு அடி... ரெண்டடி போதும் நானா.”

“ரெண்டடி போர்ட ரோட்டுல ஈந்து யாரு வாசிக்கிற? பஸ்ல எறங்கி வாற கெழவனுக்குத் தெரிய வாணாமா? நாலடி போடுங்க. மணப்பொண்ணு போனா எடம் ஈக்கி. எனக்கு எங்கட நாலு புள்ளைங்களும் போர்டுல ஈந்தாப் போதும்.” பிறகு அவருக்குள்ளிருந்த யாவாரி முழித்துக்கொண்டார். “ஒங்களத் தேடி வாறவங்க எறங்கிப் போகக்குள்ள ஒரு சாரமாச்சும் சீலயாச்சும் வாங்கிட்டுத்தான் போறாங்க. எனக்கும் லாபம்தான்.”

“உங்க பெரிய நானா என்ன சொன்னாரு?” என்று பயந்துகொண்டே கேட்டேன்.

“எழுத்து நல்லா ஈக்கின்னு சொன்னாரு. ஆருட எழுத்துன்னு நான் சொல்லல்ல.”

பரிசோதகரின் மேசையில்

படிவத்தை எடுத்துக்கொண்டு இருவருமாகக் கந்தோருக்குப் போனோம். அதே பரிசோதகர். அளவுகளைப் பார்த்தார், திருப்திப்பட்டார். பிறகு ஒரு கோப்பை எடுத்து முன்னால் வைத்தார்.

இந்தக் கட்டடத்தின் மீது ஒரு முறைப்பாடு திறந்தபடி கிடக்கிறது என்றார். முறையிட்டவர் திருப்தி என்று ஒப்பமிட்டால்தான் கோப்பை மூடலாம். மூடினால்தான் புதிய விண்ணப்பம் நகரும். முறையிட்டவரோ பெயரே போடவில்லை. யாரைத் தேடுவது?

வாரத்துக்கு நாலு தடவை என் சீல் குத்திய தாள்கள் வரும் இடம் அது. சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் மொட்டைப் பெட்டிசம் எழுதினார் என்று தெரிந்தால், இனி என் கையெழுத்துக்கு அங்கே என்ன மதிப்பு? ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் நானாவின் கடை தீபாவளிக்குப் பெயரில்லாமல் நிற்கும்.

“நான்தான் எழுதினேன்” என்றேன்.

பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். பெட்டிசத்தைப் பார்த்தார். விரலை அந்த வாக்கியத்தின் மேல் வைத்தார். பிறகு நானாவின் பக்கம் திரும்பி, சிங்களத்தில் கேட்டார்: “பலமுறை சொன்னதாக இதில் இருக்கிறதே. இவர் உங்களிடம் சொன்னாரா?”

இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. மூன்று நாளாக அவரை அரித்த வாக்கியம் அது. அதைத் துடைத்துக்கொள்ள அரசாங்க மேசையிலேயே சந்தர்ப்பம் கிடைத்திருந்தது.

“கிவ்வா, மஹத்தயா” என்றார் நானா. “மட்ட தமய் தேருணே நெத்தே.”

சொன்னார், ஐயா. எனக்குத்தான் விளங்கவில்லை.

பரிசோதகர் தலையாட்டிவிட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் கையெழுத்திட்டேன். கோப்பை மூடினார்.

வெளியே வந்ததும் அழுதேன். நானா என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து, “மழ வரப் போகுது, வெரசா நடங்க” என்றார். அவரிடம் நன்றி என்ற சொல்லை நான் அன்று சொல்லவில்லை. அதன் பிறகும் சொல்லவில்லை. பத்து மணிக்குத் தேத்தண்ணி மறுபடி வரத் தொடங்கியது, பேச்சு வேறு விஷயங்களுக்குப் போய்விட்டது. இன்றுவரை நான் அந்த அறையில்தான் இருக்கிறேன். நானா கீழேதான் இருக்கிறார். வாரா வாரம் இந்தப் பத்திரிகையை அவர் வாசிக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே இதை அவருக்காகவும், அன்று கோப்பை மூடிய பரிசோதகருக்காகவும் எழுதுகிறேன். ரவூப் நானாவிடம் அந்தப் பலகையைப் பற்றி நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். இந்த முறை என் பெயரைப் போட்டே எழுதுகிறேன்.